மதுரையிலிருந்து முதல் காட்டு சஃபாரி: தேக்கடி படகைக் கோட்டை விடாமல் பிடிப்பது எப்படி

எங்கள் வீட்டில் யானை என்றால் மீனாட்சியம்மன் கோயில் பார்வதிதான். காட்டில் திரியும் யானையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அத்தை (மனைவியின் அம்மா) ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு முறை போனோம். முதல் முறை சொதப்பியது முழுக்க என் திட்டம். அதனால்தான் இந்தப் பதிவு.

எந்தக் காடு?

முதுமலை, டாப்சிலிப் இரண்டுமே நல்ல இடங்கள். ஆனால் மதுரைக்காரர்களின் முதல் பயணத்துக்குத் தேக்கடிதான் என் ஓட்டு. உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி வரை சுமார் 140 கி.மீ. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினாலே போதும். வயதானவர்கள் நடக்க வேண்டாம், படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. படகு போகும் அந்த ஏரியே 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் தேங்கியது. அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்து வந்து வைகையில் சேருகிறது. லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நம் வீட்டுக் குழாயில் வருவது எங்கிருந்து என்று புரியும்.

எப்போது?

மழைக்காலத்தில் காடு பச்சைப்பசேல் என்று இருக்கும், போட்டோவுக்கு அருமை. விலங்குதான் கண்ணில் படாது. உள்ளே எங்கு பார்த்தாலும் தண்ணீர் கிடக்கும்போது அவை எதற்காக ஏரிக்கரைக்கு வர வேண்டும்? மார்ச், ஏப்ரலில் ஓடைகள் வற்றிய பிறகுதான் கரைக்கு இறங்கும். வெயிலைப் பார்த்தால் ஆகாது.

டிக்கெட்: நான் கோட்டை விட்ட இடம்

முதல் படகு காலை 7.30, கடைசிப் படகு மாலை 3.30. முதல் படகுக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்து, பிரிண்ட்டும் போட்டு வைத்துக்கொண்டு, இனி என்ன வேலை என்று இருந்துவிட்டேன். விடிகாலை 3 மணிக்கு மதுரையில் கிளம்பி 6.40-க்குக் குமுளி. ஐம்பது நிமிஷம் கையில் இருக்கிறதே என்று நிதானமாக டீ குடித்தோம்.

அங்கேதான் வினை. படகு டிக்கெட் படகுக்கு மட்டும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்தான் ஏரி இருக்கிறது, அதற்குள் நுழையத் தனிக் கட்டணம். நம் காரைப் படகுத்துறை வரை விடமாட்டார்கள். ஆனவச்சால் வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு, காப்பகத்தின் பேருந்துக்கு வரிசையில் நின்று, காட்டுக்குள் போய் இறங்கி, படகுத்துறை வரை நடக்க வேண்டும். நாங்கள் படிக்கட்டில் நின்றபோது படகு ஏரி நடுவில் இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆகவே முந்தின நாளே போய்க் குமுளியில் தங்குங்கள். படகு கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஆனவச்சாலில் இருங்கள். டீயெல்லாம் படகு முடிந்து வந்து குடித்துக்கொள்ளலாம். டிக்கெட்டில் பெயர் போட்டவர்களின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

என்ன எடுத்துப் போவது?

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெருக்கம் போதும். பெரிதாகத் தெரியட்டும் என்று பத்து மடங்கு வாங்கினேன், படகின் ஆட்டத்தில் காட்டெருமை பரதநாட்டியம் ஆடியது. செல்போனில் ஜூம் போட்டு எடுக்கும் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும், அதை நம்ப வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், ஏனென்றால் உள்ளே பிளாஸ்டிக்குக்குத் தடை. புளியோதரைப் பொட்டலத்தைப் படகுத்துறையில் பிரிக்காதீர்கள். எங்கள் பொட்டலத்தை ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றது.

படகில்

லைஃப் ஜாக்கெட்டை வார்ப்பட்டையோடு இறுக்கிப் போடுங்கள். வெறுமனே தோளில் மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள். விலங்கு தெரிந்தால் எழுந்து ஒரு பக்கமாக ஓடவும் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகளை அதட்டினாலும் தப்பில்லை.

ஏரி முழுக்கப் பட்ட மரங்கள் நிற்கும். அணை நீரில் மூழ்கிய பழைய காட்டின் மிச்சம். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் ஈரச் சிறகை விரித்துக் காயப்போட்டிருக்கும். இந்தக் கட்டைகள்தான் முதல்முறை வருகிறவர்களை ஏமாற்றும். "மாப்ளே, அந்தா யானை!" என்று இரண்டாம் பயணத்தில் அத்தை மூன்று தடவை கூவினார், மூன்றும் கட்டை. நாலாவதாக ஒரு கட்டை காதை ஆட்டியது. ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி. தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைத்தது. அத்தை குரலைத் தாழ்த்தி, "இதுவும் கட்டைதானா மாப்ளே?" என்றார்.

அது போக மிளா, காட்டுப்பன்றி, நீர்நாய் பார்த்தோம். புலி தெரியுமா என்று கேட்காதீர்கள். 1978-லேயே புலிகள் காப்பகமான இடம்தான், ஆனால் படகிலிருந்து புலி பார்த்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

திரும்பும்போது கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை வாங்க மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு, தேக்கடி வேண்டாம் என்று முதுமலைக்குக் கிளம்பிய நண்பர் ஒருவர் நீலகிரி எல்லைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போன் பண்ணினார். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரியில் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கொடைக்கானலுக்கும் அப்படித்தான். வண்டி எண்ணைப் போட்டு, வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.