ஸ்பிட்ஃபயர் முன்சக்கர ட்ரன்னியன்: கிரீஸ் வேண்டாம், கியர் ஆயில் விடுங்கள்

மதுரை வட்டாரத்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அதற்கு நம் பக்கத்திலேயே நெருங்கிய சொந்தம் உண்டு. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அது. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயரின் முன் சஸ்பென்ஷன் ஹெரால்டிலிருந்து எடுத்தது. அதனால் கீழே சொல்வது இரண்டு வண்டிக்கும் பொருந்தும்.

சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் மேல்முனையில் பால் ஜாயின்ட் இருக்கிறது. கீழ்முனையிலோ மரை வெட்டி, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகியிருப்பார்கள். அந்தக் கட்டைதான் ட்ரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்த மரைதான் உள்ளே சுழல்கிறது. கம்பெனிக் கையேடு இதற்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஹைப்பாய்டு எண்ணெய், அதாவது கெட்டியான கியர் ஆயில், விடச் சொல்கிறது. நம் பட்டறைகளில் அடிப்பது கிரீஸ். கிரீஸ் மரை முழுக்க ஓடாது. சூட்டில் காய்ந்து கட்டியாகி வழியை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் மேல்விளிம்பு வழியாக இறங்கி, இரும்பு மரையை அரிக்கும். அரித்த குழியில் விரிசல் பிடிக்கும். பிறகு ஒருநாள் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது இரும்பு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வீட்டு வாசலில் நடந்தால் பிழைத்தோம். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் நடந்தால்?

வேண்டியவை: இ.பி. 90 கியர் ஆயில், லீவர் வைத்த கிரீஸ் கன், அதன் முனையை மாட்டுவதற்கான நிப்பிள், ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்டு, மண்ணெண்ணெய், கம்பி பிரஷ். லாரி ஸ்பேர்ஸ் கடை எதிலும் ஆயில் கிடைக்கும். வெண்கலத்துக்கு ஜி.எல்.-4 ரகம்தான் என் தேர்வு. கிரீஸ் கன்னை இதற்கென்றே தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் அடித்த கன்னில் ஆயிலை ஊற்றினால் மிச்சமிருக்கும் கிரீஸும் சேர்ந்து உள்ளே போகும். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டவே வேண்டாம்.

1. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிக்கு அடியில் ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் தொங்க வேண்டும். வண்டி எடை மரைமேல் இருந்தால் ஆயில் நுழையாது.

2. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறங்கள். சஸ்பென்ஷன் முழுவதும் கைக்கு எட்டும்.

3. ட்ரன்னியனைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, அதன் பக்கவாட்டில் உள்ள சிறு அடைப்பு போல்ட்டைக் கழற்றுங்கள். இது அங்குல மரை. 6 எம்.எம். நிப்பிள் ஓரிரண்டு சுற்று ஏறுவதுபோல் ஆசைகாட்டும். முடுக்கினால் வெண்கல மரை போய்விடும். கழற்றிய போல்ட்டையே கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

4. ஆயிலை அடியுங்கள். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். நாலு அடி அடித்ததும் நிப்பிள் ஓரமாக ஆயில் கசியும், வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். அது கணக்கே இல்லை. செங்குத்து இரும்பு, ட்ரன்னியனுக்குள் நுழையும் மேல்விளிம்பில், ரப்பர் சீலைத் தாண்டி ஆயில் வர வேண்டும். கொஞ்சம் அடித்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்புங்கள். மறுபடி அடித்து மறுபக்கம் திருப்புங்கள். முதலில் கறுப்பாக, சில சமயம் துருவின் செம்பழுப்போடு வரும். தேன் நிறத்தில் தெளிந்த ஆயில் வரும்வரை விடாதீர்கள். வண்டியை ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு செய்தால் ஆயில் சுலபமாக ஏறும்.

5. நிப்பிளைக் கழற்றிவிட்டு அடைப்பு போல்ட்டையே திரும்பப் போடுங்கள். நிப்பிளை விட்டுவைத்தால் அடுத்த வாட்டர் சர்வீஸில் யாராவது கிரீஸ் அடித்துவிடுவார்கள். "நிப்பிள் இருந்தா கிரீஸ்தான் சார்" என்பது அவர்கள் பழக்கம்.

கையேடு சொல்லும் 10,000 கிலோமீட்டர் நம் ரோட்டுக்கு ஒத்துவராது. 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை விடுங்கள். அதிகம் ஓட்டாவிட்டாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று, மழை ஓய்ந்ததும் ஒன்று. தேங்கிய தண்ணீரில் இறக்கியிருந்தால் அந்த வாரமே செய்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: "எவ்வளவு அழுத்தினாலும் ஆயில் ஏறவில்லை" என்று பலர் கேட்கிறார்கள். பழைய கிரீஸ் கெட்டியாகி அடைத்திருக்கிறது. கழற்றித்தான் ஆக வேண்டும். கீழ் விஷ்போனில் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கவை போன்ற கை) ட்ரன்னியனைப் பிடித்திருக்கும் போல்ட் உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அசையாவிட்டால் ஹேக்ஸா பிளேடால் அறுத்து, போல்ட்டும் புஷ் கிட்டும் புதிதாகப் போடுவதே நல்லது. ஓங்கிச் சுத்தியலால் அடித்தால் விஷ்போன் வளையும். போல்ட் வந்ததும் இரும்பை வெளியே சாய்த்து ட்ரன்னியனைத் திருகிக் கழற்றலாம். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. மாற்றிப் பூட்டக் கூடாது.

மண்ணெண்ணெயில் கழுவி, மரை தொடங்கும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் குழி இருந்தால் அந்த இரும்பு குப்பைக்குத்தான். வெல்டிங் வைப்பது, லேத்தில் மறுமரை வெட்டுவது இரண்டும் ஆபத்து. சந்தேகமாக இருந்தால் வெல்டிங் சாமான் கடையில் விற்கும் விரிசல் காட்டும் சிவப்பு ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள்.

திரும்பப் பூட்டும்போது கடைசிவரை திருகிவிட்டு, போல்ட் துளை நேராகும் அளவுக்குப் பின்னால் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் நின்றுவிடும். கடைசிவரை இறுக்கியபடியே விட்டால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது மரை முட்டி, அந்த அழுத்தமே இரும்பை முறிக்கும்.

இன்னொன்று: ராத்திரி விட்ட ஆயில் காலையில் தரையில் கிடந்தால் ட்ரன்னியனின் அடித்தட்டு ஒழுகுகிறது. கழற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, தட்டின் ஓரத்தைச் சுற்றி ஈயப்பற்று வைத்தால் நின்றுவிடும்.