பெர்பெரேயும் மித்மிதாவும்: எங்கே தவறுகிறது?

எத்தியோப்பியச் சமையலின் இந்த இரண்டு பொடிகளும் சிவப்பு, இரண்டும் காரம். அதனால் ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மித்மிதா என்பது ஊசி மிளகாய், கொரரிமா என்னும் எத்தியோப்பிய ஏலக்காய், கிராம்பு, உப்பு சேர்த்து அரைத்த நைஸ் தூள். அதை அப்படியே தூவலாம், கிட்ஃபோ என்கிற கொத்திய பச்சை மாட்டிறைச்சியில் கலக்கலாம். பெர்பெரே, மிளகாயோடு பல மசாலா சேர்த்து அரைத்த, அடுப்பில் நிதானமாக வேக வேண்டிய பொடி. கடைசி நிமிடத்தில் ஒரு ஸ்பூன் தூவினால் பச்சை வாடைதான் மிஞ்சும்.

டோரோ வாட் என்கிற கோழிக் குழம்பைப் பாருங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் வெறும் பாத்திரத்தில், சிறு தீயில் வதக்குவார்கள். வெங்காயம் கோழியின் எடைக்குச் சமமாகப் போனாலும் வியப்பில்லை, குழம்பைக் கெட்டியாக்குவது அதுதான். அது நீர் வற்றிச் சுருங்கிய பிறகே நித்தர் கிப்பே என்கிற, மசாலா போட்டு உருக்கிய வெண்ணெயைச் சேர்ப்பார்கள். அப்புறம் பெர்பெரே. அவசரப்பட்டு வெங்காயத்தைக் குறைப்பவர்களுக்குக் காரத் தண்ணீர்தான் கிடைக்கும். சூடான நெய்யில் பொடியைத் தனியாகக் கொட்டினால் நொடியில் கருகிக் கசந்துவிடும். கூடவே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறிக்கொண்டே இருந்தால், பளிச்சென்ற சிவப்பு மெல்ல செங்கல் நிறமாக இறங்கி, ஓரத்தில் நெய் பிரியும். அதுவரை கோழியைப் போடக் கூடாது.

பெர்பெரேயை வீட்டிலேயே அரைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் வறுக்கிறார்கள். மல்லி வறுபடுவதற்குள் வெந்தயம் தீய்ந்துவிடும், தனித்தனியாக வறுப்பதே சரி. எத்தியோப்பியாவில் மிளகாயை இஞ்சி, பூண்டு, அருவதா என்னும் மூலிகை, பெசோபெலா என்னும் துளசி வகை எல்லாம் சேர்த்து இடித்து, ஊறவைத்து, வெயிலில் காயவைத்துத்தான் ஓமம், கருஞ்சீரகம் போன்ற வறுத்த சாமான்களோடு அரைப்பார்கள். வெறும் மிளகாய்த்தூளில் நாலு மசாலாவைக் கலந்தால் அந்த ஆழம் வராது.

கொரரிமா கிடைக்கவில்லையென்று பச்சை ஏலக்காயை அள்ளிப் போட்டால் குழம்பில் பாயச வாசனை வரும். போட்டே ஆக வேண்டுமென்றால் மிகக் குறைவாகப் போடுங்கள்.

கடையில் வாங்கும் பெர்பெரேயில் பெரும்பாலும் உப்பு இருக்கும். ருசி பார்க்காமல் குழம்புக்கு வழக்கமான உப்பைப் போடாதீர்கள். இன்னொன்று, அலிச்சா என்கிற காரம் குறைந்த குழம்பு வகைக்கு பெர்பெரேயே வேண்டாம், மஞ்சள் போதும்.