காற்றுத் தாவர டெரேரியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றுத் தாவரத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துப் புதிதாக டெரேரியம் செய்தவர்கள் அதை ஆசையாகக் கொண்டுவந்து காட்டும்போது, நான் இலையைப் பார்ப்பதில்லை. செடியின் அடியைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே ஈரம் இருக்கும். வெளிச்சம் வேண்டும், தண்ணீர் காட்ட மறக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். திரும்பத் திரும்பச் செடியைக் கொல்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

குடுவைக்குள்ளேயே தண்ணீர் தெளிப்பது

தெரிந்த ஒருவர் ஸீரோகிராஃபிகா என்ற காற்றுத் தாவர வகையை வளர்த்தார். உருண்டைக் குடுவை, அடியில் ஸ்பாக்னம் பாசி மெத்தை, மாலைதோறும் ஸ்பிரே. "இலையெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கிறதே" என்றார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஸீரோகிராஃபிகா காய்ந்திருந்தால் வெள்ளி பூத்தாற்போல் இருக்க வேண்டும். அடியை விரலால் அழுத்தினேன், மெத்தென்று உள்ளே போனது. நடுக்குருத்தைத் தொட்டதும் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. வெளி இலைகள் அப்போதும் விறைப்பாகத்தான் நின்றன. அழுகல் உள்ளிருந்து வருவதால், கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

காற்றுத் தாவரம் என்று நாம் சொல்லும் டில்லான்சியா, அமெரிக்கக் கண்டங்களில் மரக்கிளையிலும் பாறையிலும் தொற்றி வாழும் செடி. வேர் பிடிமானத்துக்குத்தான். தண்ணீரை உறிஞ்சுவது இலை மேலுள்ள நுண்ணிய செதில்கள். அந்த வெள்ளிச் சாயலும் அவற்றால் வருவதுதான். டெரேரியத்துக்கு வாங்கும் வகைகளில் பல, இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். மாலையில் நனைத்துக் கண்ணாடிக்குள் விட்டால், அது மூச்சு விடும் நேரத்தில் இலை மேல் தண்ணீர்ப் படலம் நிற்கிறது. கீழே பாசி வேறு விடிய விடிய ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஈரப் பாசியில் அழுத்தி வைத்தே இந்தச் செடியை விற்கிறார்களே, அதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வாங்குபவர் அதையே சரியான முறை என்று நம்பிவிடுகிறார்.

காலையில் செடியை வெளியே எடுங்கள். வாரம் ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். அப்புறம் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, காற்றோடும் இடத்தில் சாய்த்து வையுங்கள். 4 மணி நேரத்துக்குள் காய வேண்டும். இலை இடுக்கில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் குடுவைக்குள் வைக்காதீர்கள். பல்போசா என்ற வகையின் அடி குடம்போல் பருத்து உள்ளே பொள்ளலாக இருக்கும், தண்ணீர் தங்கிவிடும். அதை மூழ்கடிக்காமல் தோய்த்து எடுத்தால் போதும். அலங்காரத்துக்குக் காய்ந்த கூழாங்கல், மரத்துண்டு, உலர்ந்த மணல் போதுமே.

மூடி போட்ட குடுவை

வேண்டவே வேண்டாம். அது பெரணிக்கும் பாசிக்கும் ஏற்றது. இதற்கு வாய் அகன்ற குடுவைதான்.

செம்புக் கம்பியால் கட்டுவது

பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டில்லான்சியா சேர்ந்த புரோமிலியாட் குடும்பத்துக்குச் செம்பு நஞ்சு. அலுமினியக் கம்பி அல்லது நைலான் நரம்பால் கட்டுங்கள்.

நேர் வெயிலில் கண்ணாடி

உள்ளே சூடு ஏறிச் செடி வெந்துவிடும். ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

சாஃப்ட்னர் தண்ணீர்

கூடாது. கடினநீரை மென்மையாக்கும் கருவியில் வரும் அந்தத் தண்ணீரிலுள்ள சோடியம் இலையைக் கருக்கும்.

பூத்து முடிந்ததும் தூக்கி எறிவது

அயோனந்தா என்ற வகை பூக்கும் முன் இலை சிவந்து அவ்வளவு அழகாக இருக்கும். பூத்தபின் நிறம் மங்கியதும் செத்துவிட்டது என்று குப்பையில் போடுகிறார்கள். ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சட்டென்று சாவதில்லை. பல மாதங்கள் இருந்து, பக்கக்கன்றுகளை ஊட்டி வளர்க்கும். அடி இலைகளை விலக்கிப் பார்த்தால் சின்னக் கூம்பாக முளைத்திருக்கும். தாய்ச்செடியில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்தபின் பிரிக்கலாம். பிரிக்காமல் விட்டால் கொத்தாகத் திரளும். அப்படி விடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.