பள்ளி அலமாரியில் பழைய அறிவியல் பட ரீல் கிடைத்தால்: ஓட்டிப் பார்க்கும் முன் செய்ய வேண்டியவை

குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் கூடத்தைக் காலி செய்தபோது, அலமாரி மேலிருந்து துருப்பிடித்த தகர டப்பா ஒன்று இறங்கியது. "ஏதோ புளிச்ச வாடை வருது சார்" என்று லேப் உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே 16 மி.மீ. பிலிம். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிச் சுவரில் காட்டிய பாடப்படம். இப்படியொரு ரீலை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: புரொஜெக்டரில் மாட்டாதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். வேறொரு பள்ளியில் அவசரப்பட்டு ஓட்டியதில், இரண்டே நிமிடத்தில் ஓரத்துத் துளைகள் வரிசையாகக் கிழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

படி 1: முகர்ந்து பாருங்கள்

டப்பாவை வராந்தாவில் வைத்துத் திறங்கள். காடி வாசனை வந்தால் பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து சிதைக்கும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். அந்த ஆவி டப்பாவுக்குள் அடைபட்டால் சிதைவு வேகமெடுக்கும், பக்கத்து ரீலையும் தொற்றும். அதனால் வாசனை வரும் ரீலைத் தனியாக வையுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை கத்திரி வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் பல ரீல்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன.

பழைய பிலிம் தீப்பற்றும் என்று சிலர் பயப்படுவார்கள். அது நைட்ரேட் பிலிமின் குணம். 1923-இல் கோடாக் 16 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்ததே எளிதில் தீப்பற்றாத அசிடேட்டில்தான். ஓரத்தில் 'சேஃப்டி' என்ற எழுத்தைப் பல ரீல்களில் பார்க்கலாம்.

படி 2: ஓரத்தைப் படியுங்கள்

பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, இரண்டு மூன்று அடி பிரியுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் துளை இருந்தால் பெரும்பாலும் மௌனப்படம். ஒரு பக்கம் மட்டும் துளை, மறு ஓரத்தில் மெல்லிய அலைக்கோடு இருந்தால் பேசும் படம்; அந்தக் கோடுதான் ஒலி.

படி 3: ஸ்கேல் வைத்து அளங்கள்

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், 12 அங்குல எஃகு ஸ்கேல் போதும். 16 மி.மீ. பிலிமில் 40 படச்சட்டம் சேர்ந்தால் சரியாக ஓர் அடி, அதாவது 304.8 மி.மீ. ஓரத்தில் சட்டத்துக்கு ஒரு துளை. அதனால் ஒரு துளையின் விளிம்பை ஸ்கேலின் தொடக்கத்தில் வைத்து, அதிலிருந்து நாற்பதாவதாக வரும் துளையின் அதே விளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். 3 மி.மீ. குறைந்தால் பிலிம் ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கிவிட்டது. அதன்பின் புரொஜெக்டரின் பற்கள் துளையில் சரியாக உட்காராது, கிழித்துவிடும். குடியாத்தம் ரீல் 5 மி.மீ. குறைந்திருந்தது.

படி 4: படத்தைப் பாருங்கள்

கைபேசித் திரையை வெள்ளையாக்கி, அதன்மேல் படாமல் பிலிமைத் தூக்கிப் பிடியுங்கள். கையில் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. அந்த ரீலில் அவரை விதை முளைத்துக்கொண்டிருந்தது. ஒரு சட்டத்தில் தோல் வெடித்திருக்கிறது, அடுத்ததில் வேர் ஒரு மயிரிழை நீண்டிருக்கிறது. விநாடிக்கு 24 சட்டம் ஓடும், அதற்கு ஒரு சாணுக்கும் குறைவான பிலிம் போதும். மணிக்கு ஒரு படம் எடுத்திருந்தால் ஒரு முழு நாள் அந்தச் சாணுக்குள் அடங்கிவிடும். கரும்பலகையில் எத்தனை படம் வரைந்தாலும் இதைக் காட்ட முடியாது, அதனால்தான் இந்த ரீல்கள்மேல் எனக்கு இத்தனை பிரியம். நிறமெல்லாம் ரோஸாக மாறியிருந்தால் பயப்படாதீர்கள். அந்தக் கால வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும்.

படி 5: பெயரைத் தேடுங்கள்

தலைப்பு வரும் சட்டத்தைக் கைபேசியில் படமெடுத்து, அந்தப் பெயரை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடுங்கள். அந்தத் தளத்தின் பிரெலிங்கர் தொகுப்பில் அமெரிக்கப் பள்ளிப்படங்கள் நிறைய உள்ளன, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இந்தியப் படமென்றால் 1948-இல் தொடங்கிய மத்திய அரசின் ஆவணப்பட நிறுவனம் ஃபிலிம்ஸ் டிவிஷனுடையதாக இருக்கலாம். 1964-இல் தொடங்கிய புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திடமும் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே டிஜிட்டல் பிரதி இருந்தால் வகுப்பில் அதைக் காட்டுங்கள், ரீல் ஓய்வெடுக்கட்டும். எங்கும் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது அரிய பிரதியாக இருக்கலாம். அதைச் சுருங்கிய பிலிமையும் ஸ்கேன் செய்யும் காப்பகத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

படி 6: வைக்கும் இடம்

துருப்பிடித்த டப்பாவை மாற்றி, காற்றுப் போக வழியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ரீலைப் படுக்கை வாட்டமாக வையுங்கள். பாலிதீன் பையில் கட்டி மூட வேண்டாம். தரைத்தளத்தில், வெயில் படாத சுவர் ஓரம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தால் போதும். அப்புறம் ஓர் அட்டையில் தேதி, வாசனை உண்டா இல்லையா, ஸ்கேல் அளவு மூன்றையும் எழுதி டப்பாவோடு வையுங்கள். அடுத்த கோடை முடிந்ததும் திறந்து, மறுபடி அளந்து, அதன் கீழேயே எழுதுங்கள்.