ஓவர்கிளாக் பண்றதுக்கு முன்னாடி, சிப்ப லேப்ல எப்படி டெஸ்ட் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

ஓவர்கிளாக்னா சிப்ப கம்பெனி குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறது. அதுல நிறைய பேர் பண்ற தப்பு, வேற யாரோ அவங்க சிப்புக்கு வெச்ச வோல்ட்டேஜ அப்படியே எடுத்து நம்ம பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ் மெனுல) போடுறது. ஒரே வேஃபர்ல (சிலிக்கான் தட்டுல) பக்கத்து பக்கத்துல இருந்து வெட்டுன ரெண்டு சிப் கூட ஒரே மாதிரி இருக்காது, அதனாலதான் கம்பெனில ஒவ்வொண்ணையும் தனித்தனியா டெஸ்டர்ல மாட்டி, எந்த வேகத்துக்கு எவ்ளோ வோல்ட் கேக்குதுன்னு பாத்து தரம் பிரிக்குறாங்க, பின்னிங்னு சொல்றது இததான்.

டிசைன் லேப்ல இன்னும் நோண்டுவாங்க. ஒரு பக்கம் வோல்ட்டேஜ், இன்னொரு பக்கம் கிளாக் (சிப் ஓடுற வேகம்), ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி ஒவ்வொரு கட்டத்துலயும் டெஸ்ட் ஓட்டி பாஸா ஃபெயிலான்னு குறிச்சுக்கிட்டே போனா கடைசில ஒரு படம் கெடைக்கும், அதுக்கு பேரு ஷ்மூ பிளாட். அந்த படத்தோட விளிம்பு வரைக்கும் சிப் ஓடும்னு தெரிஞ்சும் கொஞ்சம் உள்ள தள்ளிதான் வேகத்த குறிச்சு விப்பாங்க, ஏன்னா வெயில்ல சூடு ஏறும், சப்ளை வோல்ட்டேஜ் ஆடும், வருஷம் போக போக டிரான்சிஸ்டர் மந்தமாயிடும். அந்த இடைவெளிய சும்மா கெடக்குற இடம்னு நெனச்சு முழுசா எடுத்துக்காதீங்க.

அடுத்த தப்பு, பத்து நிமிஷம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (சிப்புக்கு முழு வேலையும் குடுத்து பாக்குறது) ஓடிச்சு, ஹேங் ஆகல, ஸ்டேபிள்னு முடிவு பண்றது. 2000ல இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 விட்டாங்க, கம்பெனி டெஸ்ட் எல்லாம் தாண்டி வந்த சிப்தான், ஆனா ரிவ்யூ பண்ணவங்க லினக்ஸ் கெர்னல (லினக்ஸ் ஓஎஸ்ஸோட மையப் பகுதிய) கம்பைல் பண்ணப்ப முடிக்கவே முடியல, அந்த ஆகஸ்ட்லயே இன்டெல் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ஃபேஸ்புக் ஆளுங்க 2021ல சொன்னது இன்னும் பயம், அவங்க சர்வர் சிப்புல ஒரு கோர் (கணக்கு போடுற பகுதி) 1.1ஐ 53 தடவ பெருக்கி முழு எண் கேட்டா 156 தராம 0 தந்துச்சு, கிராஷ் எதுவும் இல்ல, அதே மாதிரி ஃபைல் சைஸும் 0ன்னு வந்து ஃபைல்தான் காணாம போச்சு. எனக்கே நடந்துருக்கு, ஒரு ரார் ஃபைல் விரிக்கும்போது சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்குன்னு சொல்ற எரர்) வந்துச்சு, நெட்டுதான் கோளாறுன்னு ரெண்டு தடவ டவுன்லோட் பண்ணேன், கிளாக்க பழையபடி வெச்சதும் முதல்ல எறக்குன ஃபைலே சுத்தமா திறந்துச்சு.

வோல்ட்டேஜ் விஷயத்துல ஒரு கணக்கு போட்டு பாருங்க. சிப் இழுக்குற பவர் கிளாக்கோட நேரா ஏறும், வோல்ட்டேஜுக்கு ஸ்கொயரா ஏறும். 4.5ல இருந்து 5 கிகாஹெர்ட்ஸ் போக 1.2 வோல்ட்ட 1.4 ஆக்குனா வேகம் 11 சதவீதம் கூடும், பவர் ஏறத்தாழ 50 சதவீதம் கூடும்.

ரெக்கார்ட் நம்பர பாத்து ஏங்காதீங்க. 2011ல ஏஎம்டி எஃப்எக்ஸ் சிப் 8.429 கிகாஹெர்ட்ஸ் தொட்டது சூட்ட அடக்க லிக்விட் ஹீலியம் ஊத்தி, எட்டு கோர்ல ரெண்ட மட்டும் ஓட விட்டு.

மதர்போர்ட ஆட்டோல விட்டுட்டு நம்பாதீங்க. 2023ல சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப் கருகினப்போ, ரேம் புரொஃபைல் (ரேம வேகமா ஓட்டுற ரெடிமேட் செட்டிங்) போட்டதும் போர்டு தானா ஏத்துன எஸ்ஓசி வோல்ட்டேஜ்தான் (சிப்புக்குள்ள மெமரி கண்ட்ரோலர் பகுதிக்கு போற வோல்ட்டேஜ்) காரணம்னு மாட்டுச்சு, அப்புறம் ஏஎம்டி 1.3 வோல்ட்டுக்கு மேல போகாதபடி பூட்டிட்டாங்க. அதனால புரொஃபைல் போட்டதும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (வோல்ட்டேஜ், சூடு எல்லாம் காட்டுற சாஃப்ட்வேர்) திறந்து, சும்மா இருக்கும்போதும் லோடு குடுக்கும்போதும் வோல்ட்டேஜ் எவ்ளோன்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு அப்புறமா கிளாக்குல கை வைங்க.