டேட்டாபேஸ் எவ்வளவு வளரும்? டிஸ்க் கேட்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு ஸ்டோரேஜ் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: இப்போது 400 ஜிபி இருக்கிறது, அதோடு 30 சதவீதம் சேர்த்து 520 என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், யாரிடமும் பதில் இருக்காது. டேட்டாபேஸ் மொத்தமாக வளர்வதில்லை. நூறு டேபிள் இருந்தால் நாலைந்துதான் தினமும் பெருக்கும், மற்றதெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். அந்த நாலைந்தைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் "ஒரு நாளைக்கு எத்தனை ரோ (டேபிளில் ஒரு பதிவு வரி), ஒரு ரோவுக்கு எத்தனை பைட்" என்று கணக்குப் போட்டால் வேலை பாதி முடிந்தது.

முதலில் அளவு வாரியாக டேபிள்களை வரிசைப்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் என்ற ஃபங்ஷன் போதும், இண்டெக்ஸையும் (தேடலை வேகமாக்கும் துணை அமைப்பு) டோஸ்டையும் (பெரிய மதிப்புகளைத் தனியே வைக்கும் இடம்) சேர்த்தே சொல்லிவிடும். மைஎஸ்கியூஎல்லில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் (டேபிள்களைப் பற்றிய விவரம் இருக்கும் இடம்) டேட்டா அளவும் இண்டெக்ஸ் அளவும் தனித்தனியாக இருக்கும், கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவை தோராயமான எண்கள், 8.0 பதிப்பில் ஒரு நாள் பழையதாகவும் இருக்கலாம், அதனால் அனலைஸ் டேபிள் கட்டளையை ஓட்டிவிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து, ரோவின் அளவு. ஒவ்வொரு நெடுவரிசையாகப் பார்த்து இன்டிஜர் 4, பிக்இன்ட் 8, டைம்ஸ்டாம்ப் 8 என்று காகிதத்தில் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். டேபிளில் ஏற்கனவே டேட்டா இருக்கும்போது அந்த வழியில் போகாதீர்கள், எண் குறைவாகத்தான் வரும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு ரோவுக்கும் 23 பைட் ஹெடர் உண்டு, அலைன்மென்ட்டில் (எல்லை வரை இடம் நிரப்புவதில்) அது 24 ஆகும், பேஜுக்குள் (ரோக்கள் டிஸ்க்கில் உட்காரும் துண்டு) அந்த ரோவைச் சுட்டும் பாயின்டர் இன்னொரு 4. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் ஒவ்வொரு செகண்டரி (கூடுதல்) இண்டெக்ஸுக்குள்ளும் ரோவை அடையாளம் காட்டும் பிரைமரி கீ ஒட்டிக்கொண்டு வரும். யாராவது யூயூஐடியை (ஒன்றுபோல் இன்னொன்று வராத நீண்ட அடையாள எண்) 36 எழுத்து டெக்ஸ்டாகப் பிரைமரி கீயில் வைத்திருந்தால், ஐந்து செகண்டரி இண்டெக்ஸ் உள்ள டேபிளில் அந்த 36 பைட்டை ஒவ்வொரு ரோவுக்கும் ஆறு தடவை எழுதுகிறீர்கள். (அதற்குப் பைனரி 16 போதும், அது வேறு சண்டை.)

ஆகவே மொத்த அளவை ரோ எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். ஆர்டர் டேபிளில் 4 கோடி ரோ, இண்டெக்ஸோடு சேர்த்து 26 ஜிபி என்று வைத்துக்கொள்வோம்: ரோவுக்கு 650 பைட். ஒரு நாளைக்கு 2 லட்சம் ரோ வருகிறது என்றால் 130 எம்பி, வருஷத்துக்கு சுமார் 47 ஜிபி. ஹெடர், இண்டெக்ஸ், பேஜில் வீணாகும் இடம் எல்லாம் அந்த 650க்குள்ளேயே வந்துவிட்டது. ஒன்றே ஒன்று, இதை ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே அளக்க வேண்டும். டம்ப்பிலிருந்து (டேட்டாவை ஃபைலாக எடுத்த நகல்) புதிதாக ரீஸ்டோர் செய்த காப்பியில் அளந்தால் அப்டேட்டும் டிலீட்டும் விட்டுவைத்த ஓட்டைகள் அதில் இருக்காது, எண் அழகாகக் குறைந்து உங்களை ஏமாற்றிவிடும்.

டேபிள் இன்னும் காலியாக இருக்கிறதா? அப்போது பொய் டேட்டாவாகப் பத்து லட்சம் ரோ போட்டு அளங்கள். ஆனால் பொய்யும் நிஜம் மாதிரி இருக்க வேண்டும். ஒரே எழுத்தை ஆயிரக்கணக்கில் நீட்டிப் போட்டால், 2 கேபியைத் தாண்டிய ரோக்களைப் போஸ்ட்கிரெஸ் கம்ப்ரஸ் செய்து சுருக்கிவிடும். மொழியையும் மறக்காதீர்கள். "வணக்கம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூடிஎஃப்-8ல் அது ஏழு குறியீடு, குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 21 பைட். ஆங்கிலப் பெயர்களை வைத்து டெஸ்ட் செய்துவிட்டுத் தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கப் போனால் அந்த நெடுவரிசை மட்டும் பல மடங்காகிவிடும்.

இப்போது வேகம். வாரம் ஒரு தடவை டேபிள் பெயர், அளவு, ரோ எண்ணிக்கை, தேதி நாலையும் ஒரு சின்ன டேபிளில் எழுதிவைக்கும் ஜாப் ஒன்றை இன்றைக்கே போட்டுவிடுங்கள். பழைய பதிவு எதுவும் இல்லையே என்றால், எஸ்கியூஎல் சர்வர்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: எம்எஸ்டிபி என்ற உள் டேட்டாபேஸில் பேக்கப்செட் என்ற டேபிளில் ஒவ்வொரு பேக்கப்பின் அளவும் தேதியோடு கிடக்கும், யாரும் அழிக்காமல் விட்டிருந்தால் வருஷக்கணக்கான வளர்ச்சி அங்கேயே தெரிந்துவிடும். மைக்ரேஷன் (டேட்டாவை வேறிடத்திலிருந்து மாற்றிக் கொண்டுவருவது) மாதிரி ஒரு தடவை நடந்த தாவலை மட்டும் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

வேகமே கூடிக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். மேலே சொன்ன டேபிளுக்கு வரும் ரோக்கள் மாதம் 5 சதவீதம் அதிகமானால், வருஷ முடிவில் 47க்குப் பதில் சுமார் 63 ஜிபி. நேர்மாறாக, 90 நாள் டேட்டா மட்டும் வைத்திருந்தால் போதும் என்றால் 130 எம்பி வேகத்தில் 12 ஜிபியிலேயே நின்றுவிடும். அதனால் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பிசினஸ்காரர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், மொத்தக் கணக்கையும் புரட்டிப்போடக்கூடிய கேள்வி அதுதான். டேபிளைத் தேதிவாரித் துண்டுகளாக (பார்ட்டிஷன்) பிரித்துவைத்து, நீக்குவதைப் பார்ட்டிஷன் டிராப்பாக, அதாவது துண்டோடு தூக்கிப்போடுவதாகச் செய்தால்தான் டிஸ்க்கில் இடம் உடனே திரும்பி வரும். வெறும் டிலீட் போட்டால் இடம் ஃபைலுக்குள்ளேயே காலியாக இருக்கும், புது ரோக்கள் வந்து அதில் உட்காரும், ஃபைல் பெரும்பாலும் சுருங்காது.

சரி, டேட்டா முடிந்தது. டிஸ்க் நிறைவது பல நேரம் டேட்டாவால் அல்ல. மைஎஸ்கியூஎல் 8.0 பின்லாகை (மாற்றங்களைப் பதியும் லாக்) இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸில் ரெப்ளிகா (நகல் சர்வர்) செத்துப்போய் அதன் ஸ்லாட் (அது எதுவரை படித்தது என்ற குறிப்பு) மட்டும் மிஞ்சியிருந்தால், மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற வரம்பை நீங்களாக வைக்காதவரை வால் (WAL, மாற்றங்களை முதலில் எழுதும் லாக்) ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போகும். பெரிய டேபிளை வேக்யூம் ஃபுல் (காலி இடத்தை நீக்கித் திரும்ப எழுதுவது) செய்யவோ திரும்பக் கட்டவோ நேர்ந்தால் அதன் இன்னொரு காப்பிக்கு இடம் வேண்டும், ஆகவே இருப்பதிலேயே பெரிய டேபிளின் அளவாவது எப்போதும் காலியாக இருக்கட்டும். பெரிய வரிசைப்படுத்தல்கள் எழுதும் தற்காலிக ஃபைல்களும் உண்டு. அப்புறம், 1 டிபி என்று வாங்கும் டிஸ்க்கை 1024 கணக்கில் பார்த்தால் 931 ஜிபிதான், ரெய்டு 10 (ஒவ்வொரு டேட்டாவையும் இரண்டு டிஸ்க்கில் வைக்கும் முறை) என்றால் வாங்கியதில் பாதிதான் கையில் நிற்கும்.

மேலிடத்துக்குக் கொடுக்கும்போது ஜிபி எண்ணைத் தனியாகக் கொடுக்காதீர்கள், தேதியாகக் கொடுங்கள்: "இந்த வேகத்தில் டிசம்பரில் 80 சதவீதம் தொடும், வேகம் இரட்டித்தால் ஆகஸ்டிலேயே." டிஸ்க் கேட்டு, ஒப்புதல் வாங்கி, மாட்டி முடிக்க இரண்டு மாதம் ஆகும் என்றால் அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதம் முன்னால் கோரிக்கை போய்விட வேண்டும். கிளவுடில் மாட்டும் வேலை இல்லை, நிமிஷத்தில் பெரிதாக்கிவிடலாம், ஆனால் பல இடங்களில் ஒரு தடவை பெரிதாக்கிய வால்யூமைத் திரும்பச் சுருக்க முடியாது, அதனால் அங்கே சிறிது சிறிதாகக் கூட்டுவதே லாபம். மூன்று மாதம் கழித்து மதிப்பீட்டையும் நிஜத்தையும் டேபிள் வாரியாக ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம், ஒரு டேபிள் கூடி இன்னொன்று குறைந்திருந்தாலும் மொத்தம் சரியாகத்தான் தெரியும்.