போக்கர் மேசையிலிருந்து பயிற்சியாளர் இருக்கைக்கு: எதைக் கொண்டுபோவது, எதை விட்டுவிடுவது

போக்கர் ஆடிப் பழகியவர் கால்பந்துப் பயிற்சியாளராகப் போகிறார் என்றால், முதல் வேலை கால்பந்துப் பந்தயக் கணக்குகள் அத்தனையையும் மூடுவதுதான். கால்பந்தில் பொறுப்பில் இருப்பவர்கள் கால்பந்து ஆட்டங்கள்மீது பந்தயம் கட்டுவதை ஃபிஃபாவின் நெறிமுறை விதி தடை செய்கிறது. இங்கிலாந்தில் 2014 ஆகஸ்ட் 1 முதல் இந்தத் தடை உலகின் எந்த நாட்டில் நடக்கும் ஆட்டத்துக்கும் பொருந்துகிறது. வீரர் இடமாற்றம், பயிற்சியாளர் நியமனம் பற்றிய பந்தயங்களும் அதில் அடக்கம். சீட்டாட்டமாகிய போக்கர் இதில் வராது. ஆனாலும் உள்ளூர்ச் சட்டத்தையும் கிளப் ஒப்பந்தத்தையும் வரி விடாமல் படியுங்கள்.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். பழைய மேசை நண்பர் ஒருவர் சாதாரணமாகக் கேட்பார்: "நாளைக்கு உங்க ஸ்ட்ரைக்கர் ஆடுறாரா?" வெளியில் தெரியாத தகவலைச் சொல்லி, அதை வைத்து அவர் பந்தயம் கட்டினால், நீங்கள் ஒரு காசு வாங்காவிட்டாலும் குற்றம் உங்கள்மேல் விழலாம். சூதாட்டக் கடன் இருந்தால் வேலை ஏற்கும் முன்பே அடைத்துவிடுங்கள். ஆட்டத்தை விலை பேசுபவர்கள் முதலில் தேடுவது கடன்பட்டவரைத்தான்.

உரிமங்கள் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஆசியக் கூட்டமைப்பிலும் ஐரோப்பியக் கூட்டமைப்பான யூஃபாவிலும் சி, பி, ஏ, புரோ என்று படிகள் உண்டு. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக, இடையில் ஓர் அணியோடு வேலை செய்த அனுபவம் கேட்பார்கள். ஆகவே சி உரிமம் படிக்கும்போதே ஒரு சிறுவர் அணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, மேசையிலிருந்து கொண்டுவர வேண்டியவை. முதலாவது, விலை பார்க்கும் பழக்கம். லீக் ஆட்டத்தில் வென்றால் 3 புள்ளி, சமனுக்கு 1. சமனிலிருந்து வெற்றிக்கு ஏறினால் 2 லாபம், தோல்விக்கு இறங்கினால் 1 நட்டம். 75-வது நிமிடம், 1-1 என்று வையுங்கள். இருக்கிற மாதிரியே ஆடினால் வெற்றி 15%, சமன் 70%, தோல்வி 15% என்பது உங்கள் மதிப்பீடு: சராசரி 1.15 புள்ளி. ஒரு தடுப்பாளரை எடுத்துவிட்டு முன்கள வீரரை இறக்கினால் 27, 40, 33: சராசரி 1.21. வெற்றியைவிடத் தோல்விக்கே வாய்ப்பு அதிகம், இருந்தும் இறக்குவதுதான் சரி. மைதானத்தில் நின்றுகொண்டு பெருக்கத் தேவையில்லை. கூடுகிற தோல்வி வாய்ப்பு, கூடுகிற வெற்றி வாய்ப்பைப் போல் இரண்டு மடங்குக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடங்களும் உண்டு. கடைசி ஆட்டத்தில் சமனே போதும் என்றால் இது செல்லாது. எதிரணி உங்களோடு ஒரே இடத்துக்குப் போட்டியிடும் அணி என்றாலும் செல்லாது: நீங்கள் தோற்றால் அவர்களுக்கு 3 புள்ளி போகிறது, இடைவெளியில் வெற்றி +3, தோல்வி −3, விலை சரிக்குச் சரி. போக்கர் தொடரின் கடைசிக் கட்டத்தில் சில்லுகளின் (பந்தயத்துக்கு வைக்கும் வில்லைகளின்) மதிப்பு மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

மாற்று ஆட்டக்காரர்களையும் சில்லுகளைப் போல எண்ணிச் செலவிட வேண்டும். 2022-இல் நிரந்தரமான விதிப்படி, ஐந்து மாற்றங்களை அனுமதிக்கும் போட்டிகளில் அவற்றை ஆட்டத்தின் நடுவே மூன்று தடவைக்குள் செய்து முடிக்க வேண்டும்; இடைவேளையில் செய்வது அந்த மூன்றில் சேராது. வழக்கமான தவறு, 55, 65, 72 என்று ஒவ்வொருவராக இறக்கித் தடவைகளைத் தீர்த்துவிடுவது. 85-இல் ஒருவருக்குக் காயம் பட்டால், ஆட்கள் மிச்சமிருந்தும் பத்துப் பேரோடு ஆட வேண்டியதாகிவிடும். இடைவேளையைப் பயன்படுத்துங்கள், இரண்டிரண்டாக மாற்றுங்கள், முன்னிலையில் இருந்தால் கடைசித் தடவையை 80 வரை பிடித்து வையுங்கள். பின்தங்கியிருந்தால் இப்படிக் காத்திருக்கக் கூடாது. மூன்று மாற்றங்கள் மட்டும் இருந்த காலத்தில் பிரெட் மையர்ஸ் என்ற ஆய்வாளர், பின்தங்கிய அணி 58, 73, 79-வது நிமிடங்களுக்குள் அவற்றைச் செய்வது நல்லது என்று கணக்கிட்டார். பயிற்சியாளர்கள் பொதுவாக அதைவிடத் தாமதிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீங்கள் எடுக்கிற முடிவுகளை எழுதி வைக்கும் குறிப்பேடு. போக்கரில் நான்கு ஒரே இனச் சீட்டு கையில் இருந்து, இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால், ஐந்தாவது கிடைக்க வாய்ப்பு சுமார் 35%. சரியான விலைக்குத் தொடர்ந்தவரும் மூன்றில் இரண்டு தடவை தோற்பார். கால்பந்திலும் ஷாட்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கோலாகிறது. ஆகையால் ஸ்கோரை மட்டும் வைத்து உங்கள் முடிவை எடைபோடாதீர்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் நான்கைந்து முடிவுகளை எழுதுங்கள்: நிமிடம், ஸ்கோர், இருந்த வழிகள், எடுத்தது எது, ஏன், எத்தனை சதவீதம் நம்பினீர்கள். ஆட்டம் முடிந்த அன்று சதவீதத்தைத் திருத்தக் கூடாது. தோல்வியின் வலி பேனாவைப் பிடித்து எழுதிவிடும். துணைப் பயிற்சியாளர் தன் மதிப்பீட்டைத் தனியாக எழுதட்டும். இருவருக்கும் 20-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை என்று பொருள். காணொளியைப் போட்டு உட்காருங்கள். ஒரு பருவம் முடிந்தபின், 70% என்று எழுதியவை பத்தில் ஏழு தடவை நடந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் எண்ணினால் எண்ணிக்கை போதாது.

அடி வாங்கியதும் நிதானம் இழந்து ஆடுவதைப் போக்கரில் டில்ட் என்பார்கள். கோல் வாங்கிய மூன்று நிமிடத்துக்குள் இரண்டு பேரை மாற்றுவது அதன் அடையாளம், நான்காவது நடுவரைப் பார்த்துக் கத்துவது இன்னொன்று (2019-20 முதல் பயிற்சியாளருக்கும் மஞ்சள் அட்டை உண்டு). 60-இல் 0-1, 70-இல் 1-0, பத்துப் பேராகிவிட்டோம் என்று நிலைமைக்கு ஒரு வரியாக, அப்போது என்ன செய்வீர்கள் என்பதை ஆட்டத்துக்கு முன்பே அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். காயம், சிவப்பு அட்டை தவிர, கோலுக்குப்பின் ஐந்து நிமிடம் அட்டையில் இல்லாத எதையும் செய்யாதீர்கள்.

பெனால்டி சுற்றில் தகவலும் பிளஃபும் (எதிராளியை ஏமாற்றும் பாவனையும்) சேர்ந்தே வரும். 2006 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஜெர்மனியின் லேமன் காலுறையில் குறிப்புத்தாள் வைத்திருந்து இரண்டைத் தடுத்தார். 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் வான் ஹால், பெனால்டிக்காகவே கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் கோல்கீப்பரை மாற்றி க்ருலை இறக்கினார். அவரும் இரண்டைத் தடுத்தார். நீங்கள் செய்ய வேண்டியது: எதிரணியின் ஒவ்வோர் உதைப்பாளரின் கிடைத்த உதைகளையெல்லாம் திசைவாரியாகக் குறித்துத் தண்ணீர்ப் புட்டியில் ஒட்டுவது, உங்கள் பக்கம் எட்டுப் பேரையாவது தயார் செய்வது, ஏனெனில் ஆட்டம் முடியும்போது களத்தில் இருப்பவர்கள்தான் உதைக்க முடியும்.

மேசையிலேயே விட்டுவிட வேண்டியது, உணர்ச்சி காட்டாத முகம். உடைமாற்றும் அறையில் உங்கள் மௌனத்தை வீரர் நிராகரிப்பாகத்தான் படிப்பார். அணியிலிருந்து நீக்கப்படுபவரிடம், பட்டியல் ஒட்டும் முன்பே நேரில் காரணத்தைச் சொல்லுங்கள். சீட்டைக் கீழே போட்டால் அது நினைவில் வைத்துக்கொள்ளாது. அவர் வைத்துக்கொள்வார், அடுத்த மாதம் அவர் உங்களுக்குத் தேவைப்படுவார்.

கைமுதலைக் காக்கும் பழக்கத்தை மட்டும் கட்டாயம் கூடவே கொண்டுவாருங்கள். பருவத்தின் நடுவே வேலை போவது இந்தத் தொழிலில் சகஜம்; ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: முன்கூட்டியே நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம், எத்தனை தவணையில், இடையில் வேறு அணி கிடைத்தால் அந்தச் சம்பளம் இதில் கழிக்கப்படுமா.